நூற்றுக்கு எத்தனை

பத்துகாணி ஆஸ்பத்திரி வராந்தாவில்
பிளாஸ்டிக் நாற்காலி மூன்று. ஒன்றுக்குக் கால் ஆடும்.
அதில்தான் அவர் உட்கார்ந்தார்,
ஆடாததில் என்னை இருத்திவிட்டு.

ஷைஜி என்று பெயர் அந்தப் பிள்ளைக்கு.
பிசியோதெரபி. வியாழக்கிழமை மட்டும் வரும்.
உள்ளங்காலில் நைலான் நூலால் தொட்டுப் பார்த்தது.
"தெரியுதா மாமா?"
"தெரியுது" என்றார்,
நூல் தொடுவதற்கு முன்பே.

பிறகு ஒரு தாள் எடுத்தது. பதினாறு கேள்வி.
தடுமாற மாட்டேன் என்று எவ்வளவு நம்பிக்கை,
பூஜ்யத்திலிருந்து நூறுவரை
ஒரு எண் சொல்லவேண்டுமாம்.

வீட்டுக்குள் நடக்க? நூறு.
படி இறங்க? நூறு.
குனிந்து செருப்பெடுக்க?
"நூறு போடு பிள்ளே."
நகரும் படிக்கட்டு ஏற?
"திருவனந்தபுரத்துல ஒரு தடவ ஏறுனேன்,
எறங்க மனசு வரல்ல."
அதற்கும் நூறு.

பனி உறைந்த பாதையில் நடக்க?
கேட்ட பிள்ளையே சிரித்துவிட்டது.
"வேற நாட்டுத் தாள் மாமா.
மழைக்குப் பெறவு பாசி பிடிச்ச பாறைன்னு வச்சுக்கிடுங்க."
ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்,
அங்கே போர்டெல்லாம் மலையாளம்.
"தொண்ணூறு."
பாசிக்குக் கொடுத்த மரியாதை
பத்து மார்க்கு.

சத்தியநேசன் என்று பேர் வைத்திருக்கிறார்கள் இவருக்கு.

காலை மூன்றரைக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
முன்னூறு ரப்பர் மரம் பால்வெட்டப் போகிற மனுஷன்.
இருபத்தாறு வருஷமாய் அந்தச் சரிவில்
வெளிச்சம் மரத்துக்கு, இருட்டு காலுக்கு
என்று பங்கு வைத்திருந்தவர்.
இப்போது ரெண்டெட்டுக்கு ஒருக்கா தலையைக் குனிகிறார்.
வெட்டு கோணுகிறது.
பட்டை தாண்டிக் கட்டையில் கத்தி இறங்கிவிட்டதென்று
முதலாளி மகன் போனில் படமெடுத்துக் காட்டினான்.
கத்தி சரியில்லை என்றார்.

ஆனி மழைக்கு மரங்களுக்கெல்லாம்
பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்த சமயம்
ஒரு நாள் திரும்பி வந்தார்.
வலது காலில் செருப்பு. இடதில் இல்லை.
பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு
வாசல் கல்லில் வலதைக் கழற்றினார்.
அப்புறம் இடதையும் கழற்றினார்,
இல்லாததை.

வெயில் ஏறியபிறகு நான் போய்த் தேடினேன்.
மூன்றாம் தட்டில் ஒரு மரத்தடியில்
கவிழ்ந்து கிடந்தது, வாரில் ஓர் அட்டை.
கொண்டுவந்து கழுவி ஜோடியாக வைத்தேன்.
அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்
நாய் என்று சொல்ல வைத்திருந்தேன்.

கண்ணை மூடி நிற்கச் சொன்னது பிள்ளை.
கால் சேர்த்து, கையை நெஞ்சில் மடக்கி.
ஒன்று, ரெண்டு, மூணு என்று எண்ணியது.
நாலில் சரிந்தார்,
மரம் மாதிரி அல்ல, மரத்தில் சாத்திய ஏணி மாதிரி.
அந்தச் சின்னத் தோள் தாங்கிக்கொண்டது.
சட்டையில் ஒட்டுப்பால் நாற்றம் அடித்திருக்கும்,
முகம் சுளிக்கவில்லை அது.

உட்கார்ந்தவர் கொஞ்சநேரம் கழித்துக் கேட்டார்:
"திருவிருந்துக்கு முழங்கால்படியிட்டு
பிடிக்காம எழும்புயதுக்கு கேள்வி இல்லியா?"
இல்லை மாமா.
"இருந்தா முப்பது."
அப்புறம், யாரிடமோ போல:
"தோட்டத்துல விழுந்தா மரந்தான் பாக்கும்."

ஷைஜி பேனாவை மூடவில்லை. என் பக்கம் திரும்பியது.
"மாமி, நீங்க சொல்லுங்க.
இருட்டுல தோட்டத்துக்குப் போவதுக்கு
இவருக்கு எத்தன போடலாம்?"

அவர் திரும்பவில்லை.
ஆடுகிற நாற்காலியை ரெண்டு கையாலும் பிடித்திருந்தார்.
ஜீப் ஒன்று வெள்ளறடைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டு போனது.

"ஒரு செருப்பு" என்று தொடங்கினேன்.

"எந்தச் செருப்பு?" என்றார் அவர்.